கலெக்டர் சூடு

குழந்தைக்குச் சேனை வைக்கப் பெரியவர் தயாராக வந்துவிட்டார். குழந்தைதான் தயாராக இல்லை. ஏழாம் மாதத்திலேயே அவசரப்பட்டு வெளியே வந்த பெண் குழந்தை, ஒரு கிலோகூட இல்லை. தோலுக்கு அடியில் ஓடும் நரம்பெல்லாம் வெளியே தெரிந்தது.

பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல் சொட்டுச் சர்க்கரைத் தண்ணீரை யார் வைக்கிறாரோ அவர் குணம்தான் பிள்ளைக்கு வரும் என்பது பொன்னரசுவின் குடும்பத்தில் எழுதப்படாத சட்டம். உலகத்தில் என்னென்னவோ மாறிவிட்டது. விருதுநகரில் சித்திரை வெயில் ஐம்பது டிகிரியைத் தொட்டுவிட்டது. பகலில் விமானங்கள் பறப்பதை நிறுத்திவிட்டார்கள். மதியமானால் ஊரே கதவைச் சாத்திக்கொண்டு படுக்கிறது. சேனை மட்டும் அப்படியே இருந்தது.

அந்தக் குடும்பத்தில் சேனை வைக்கத் தகுதியான கை ஒன்றே ஒன்றுதான். பொன்னரசுவின் பெரியப்பா தனுஷ்கோடி, கலெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்று இத்தனை வருடமாகியும் சொந்தக்காரர்கள் அவரைக் கலெக்டர் என்றுதான் சொன்னார்கள். அவருடைய குணம் என்னவென்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. பதவியையே குணம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள், பாவம்.

பொன்னரசுவின் அம்மா பேச்சியம்மாள் வெள்ளிப் பாலாடையை முந்தானையில் துடைத்துக்கொண்டே டாக்டர் ரெஜினாவை வழிமறித்தாள்.

"ஒரு சொட்டுத்தான் தாயீ. சாங்கியத்துக்கு."

"வாயில எதுவும் வைக்கக் கூடாதும்மா. குடல் இன்னும் வளரல. ஒரு சொட்டு உள்ள போனாலும் பிள்ளை போயிரும்."

"எங்க கலெக்டரு வேலையெல்லாம் விட்டுட்டு வந்து நிக்காக."

"நிக்கட்டும்," என்றார் டாக்டர். பிறகு பொன்னரசுவின் பக்கம் திரும்பினார். "உங்ககிட்டதான் பேசணும். வாங்க."

டாக்டர் கையில் ஒரு சின்னப் பெட்டி இருந்தது. அதற்குள் வெங்காயச் சருகு போல மெல்லிசாக ஏதோ மடிந்து கிடந்தது.

"இன்குபேட்டர் இல்லையா டாக்டர்?" என்று பொன்னரசு கேட்டான்.

"இந்தக் கரண்டை நம்பி இன்குபேட்டர்ல வெச்சா அது அடுப்பாயிரும். எல்லாத்தையும் தூக்கிப் போட்டாச்சு. இப்ப சூட்டுறைதான். பிள்ளை மேல போத்தினா தோலோட ஒட்டி வளந்துக்கும். வெளிய வெயிலடிச்சாலும் குளிரடிச்சாலும் உள்ள விடாது. நாப்பது நாள்ல பிள்ளைக்குத் தோல் முத்தினதும் தானா உதிந்துரும். ஆனா இதுக்கு மூளை கிடையாது. எவ்வளவு சூடு வேணும்னு இதுக்குத் தெரியாது. ஒரு மனுஷ உடம்பைப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கும்."

உறையோடு ஒரு பிளாஸ்திரியும் இருந்தது. நெற்றிப் பொட்டைவிடக் கொஞ்சம் பெரியது.

"இதை அம்மா மார்புல ஒட்டுவோம். அவங்க உடம்புக்குள்ள என்ன சூடோ, அதையே பிள்ளைக்கும் கொடுக்கும். எங்க இருந்தாலும் கொடுக்கும். ஆனா உங்க சம்சாரத்துக்கு இன்னும் மயக்கம் தெளியல. ரத்தம் நிறையப் போயி அவங்க உடம்பே சில்லுனு கெடக்கு. அதனால அப்பா நீங்கதான் ஒட்டிக்கணும். முதல்ல எந்தத் தோலைத் தொடுதோ அதுலதான் வேர் விடும். அப்புறம் ஆளை மாத்த முடியாது. உறை உதிரும்போதுதான் இதுவும் உதிரும். இனிமே அந்த உடம்பைப் பாத்துத்தான் பிள்ளையோட உடம்பு கத்துக்கும். புரியுதா?"

பொன்னரசுவுக்குப் புரிந்தது. பேச்சியம்மாளுக்கு அதைவிட நன்றாகப் புரிந்துவிட்டது.

டாக்டர் உறையைப் போர்த்த உள்ளே போனார். நர்ஸ் பிளாஸ்திரியை ஒரு தட்டில் வைத்து, "சட்டையக் கழட்டி நெஞ்சுல ஒட்டிக்குங்க சார்," என்று நீட்டிவிட்டு அவளும் போனாள். பேச்சியம்மாள் மகனின் கையைப் பிடித்தாள்.

"வாயில வைக்கக் கூடாதுன்னுதானடா அந்தம்மா சொல்லுச்சு? நெஞ்சுல வைக்கக் கூடாதுன்னு சொல்லலையே."

"அம்மா, என்னையத்தான்..."

"உன்னையப் பாத்துக் கத்துக்கிட்டு என்னடா ஆகப் போகுது? ஒன்ன மாதிரி ஆபீஸ்ல பைல் தூக்கவா? சேனைதான் குடுத்து வைக்கல. இதையாவது கலெக்டரு கையால நடத்து."

பொன்னரசுவுக்கு இதில் வருத்தமே இல்லை. சொல்லப்போனால் நிம்மதியாக இருந்தது. தாம்பூலத் தட்டைக் கொடுப்பது போல இரண்டு கையாலும் பிளாஸ்திரித் தட்டைப் பெரியப்பாவிடம் கொடுத்தான். தனுஷ்கோடி அதை மேலும் கீழும் பார்த்தார்.

"நாலு பேரு முன்னாடி நான் சட்டையக் கழட்டுறதில்ல," என்று சொல்லிவிட்டுப் பக்கத்து அறைக்குள் போனார். அவர் மனைவி சௌந்தரம், வழக்கம் போல அவருடைய கைப்பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனார். கொஞ்ச நேரத்தில் பெரியவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். "ஆச்சு," என்றார்.

உள்ளே குழந்தையின் நீலம் பாய்ந்த பாதம் மெல்லச் சிவந்தது. தொட்டில் பக்கத்துத் திரையில் குழந்தையின் சூட்டைக் காட்டும் எண் ஏறி முப்பத்தாறரையைத் தாண்டி நின்றது. வராந்தாவில் சொந்தக்காரர்கள் ஒருவரையொருவர் தட்டிக் கொடுத்துக்கொண்டார்கள். "சும்மாவா? கலெக்டர் சூடுல்ல!"

பொன்னரசுவின் மனைவி நிறைமதி மயக்கம் தெளிந்ததும் முதலில் குழந்தையைக் கேட்டாள். அடுத்து பிளாஸ்திரி யாரிடம் இருக்கிறது என்று கேட்டாள். பதில் தெரிந்ததும் தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள்.

இதற்கு முன் இரண்டு முறை அவளுக்கு வயிற்றில் தங்கவில்லை. மூன்றாவது இது. இனிமேல் கர்ப்பப்பை தாங்காது என்று டாக்டர் அவளிடம் சொல்லியிருந்தார். வேறு யாரிடமும் அவள் அதைச் சொல்லவில்லை.

"எம் பிள்ளைக்குச் சூடு குடுக்க ஒங்களுக்கு ஒரு கிழவந்தான் கெடைச்சாரா? அதுவும் எனக்கு நெனவில்லாத நேரம் பாத்து?"

"பெரியப்பாவ அப்படிச் சொல்லாத மதி."

"எப்படிச் சொல்லணும்? எழுபத்தேழு வயசு. அவருக்குக் காய்ச்சல் வந்தா எம் பிள்ளைக்குக் காய்ச்சல். அவரு விழுந்தா எம் பிள்ளை விழும். நீங்க ஆம்பளதான? ஒங்களுக்கு நெஞ்சில்லையா?"

டாக்டர் ரெஜினாவும் பொன்னரசுவை நன்றாகத் திட்டினார். திட்டி என்ன செய்வது? வேர் விட்டதை மாற்ற முடியாது.

அதற்குப் பிறகு நிறைமதி தினமும் காலையில் பெரிய மாமாவுக்குப் போன் செய்தாள். "மாமா, தூங்கினீங்களா? தலைவலி எதுவும் இல்லையே? வெயில்ல அலைஞ்சிராதீங்க," என்று விசாரித்தாள். மருமகளுக்குத் தன் மேல் இவ்வளவு மரியாதை இருப்பதை நினைத்துத் தனுஷ்கோடி பூரித்துப்போனார். "எனக்கு என்னத்தா, கல்லு மாதிரி இருக்கேன்," என்றார். எதிரில் யார் உட்கார்ந்திருந்தாலும், தன் உடம்புச் சூட்டில்தான் ஒரு உயிர் வளர்கிறது என்று விளக்கிச் சொல்ல அவர் தவறவில்லை.

பத்து நாள் அந்த எண் அசையாமல் நின்றது. நிறைமதி அதைப் பார்த்தபடிதான் சாப்பிட்டாள், அதைப் பார்த்தபடிதான் பால் பீய்ச்சினாள். குழந்தை கொட்டாவி விட்டது. ஒருநாள் அவள் சுண்டுவிரலைப் பிடித்தது. பிழைத்துக்கொள்ளும் என்று டாக்டரே முதல் முறையாகச் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு படுத்த தனுஷ்கோடி எழுந்திருக்கவில்லை.

பொன்னரசு போனில் அழுதான். நிறைமதி அழவில்லை. "எங்க வெச்சிருக்காங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"நடு ஹால்ல. ஐஸ் பெட்டி வந்தாச்சு. அதியமான் அண்ணன் டொரன்டோல இருந்து வரணும். ராத்திரி மட்டுந்தான பிளைட்டு. செவ்வாக்கிழமைதான் எடுப்பாங்க."

நிறைமதி தொட்டில் பக்கத்துத் திரையைப் பார்த்தாள். எண் முப்பத்தாறுக்குக் கீழே போயிருந்தது. குழந்தையின் உதட்டோரம் கறுத்திருந்தது.

டாக்டர் ரெஜினா வந்து பார்த்தார். சூடான துணி வைத்தார், அறையின் ஏசியை அணைத்தார். எண் இறங்கிக்கொண்டேதான் இருந்தது.

"நாம வெளிய எவ்வளவு சூடு வெச்சாலும் உறை தள்ளி விட்டுரும். அதுக்குத்தான செஞ்சிருக்கு."

"ஆளு செத்தது அதுக்குத் தெரியாதா டாக்டர்?"

"தெரியாது. உடம்பு இருக்கு, அதுல ஒரு சூடு இருக்கு. அது அவ்வளவுதான் பாக்கும்."

"இதைச் செஞ்ச கம்பெனிக்குப் போன் போடுங்க."

"அவங்ககிட்டயும் சாவி இல்ல. முன்னாடி போன்லயே சூட்டைக் கூட்டலாம் குறைக்கலாம்னு விட்டிருந்தாங்க. தெரியாம தட்டி எத்தனையோ பிள்ளைங்க போச்சு. அதுக்கப்புறம் சட்டம் போட்டாங்க. பிள்ளையோட சூட்டை மிஷின் தீர்மானிக்கக் கூடாது, மனுஷ உடம்புதான் தீர்மானிக்கணும்னு."

"ரொம்ப நல்ல சட்டம்," என்றாள் நிறைமதி. "வெட்டி எடுத்துட்டா?"

"எடுக்கிற நிமிஷம் என்ன சூடு இருக்கோ அதையே புடிச்சுக்கிட்டு நிக்கும். இப்ப எடுத்தா பிள்ளை இந்தக் குளிர்லயே நின்னுரும். முதல்ல அவரு உடம்பு உள்ளுக்குள்ள சூடாகணும். நெஞ்சுல ஒத்தடம் குடுத்தா ஏமாறாது, ஆழத்துலதான் அளக்கும். ஐஸ் பெட்டியில இருந்து எடுத்து வெளிய வெச்சாலே போதும். இந்த வெயில்ல தானா ஏறிரும். முப்பத்தாறரை வந்ததும் நான் சொல்றேன், தோலோட சேத்து ஆழமா வெட்டிருங்க. உயிரோட இருக்கிறவங்கன்னா ரத்தம் நிக்காது, வேர் எலும்பு வரைக்கும் போயிருக்கும். செத்த உடம்புதான, பயமில்ல."

சொல்லிவிட்டு டாக்டர் மறுபடியும் எண்ணைப் பார்த்தார்.

"ஒண்ணுதான் புரியல. ஐஸ் பெட்டியில வெச்ச உடம்பு இதைவிட வேகமா ஆறணும். இது ரொம்ப மெதுவா எறங்குது."

"கலெக்டரு. அவ்வளவு சீக்கிரம் எறங்கி வந்துருவாரா?" என்று சொல்லிவிட்டு நிறைமதி செருப்பை மாட்டினாள். அவள் பையில் டாக்டர் கொடுத்த அறுவைக் கத்தி இருந்தது.

"எவ்வளவு நேரம் தாங்கும் டாக்டர்?"

"நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் தாங்கினா பெரிசு."

பெரியவர் வீட்டு ஹாலில் பல் கிட்டிப்போகும் அளவுக்கு ஏசி ஓடிக்கொண்டிருந்தது. மந்திரி வருகிறார் என்று பேச்சு. ஐஸ் பெட்டியைச் சுற்றிலும் மாலைகள். கண்ணாடிக்குக் கீழே பட்டுச் சட்டையும் நெற்றியில் விபூதிப் பட்டையுமாகத் தனுஷ்கோடி அரசாங்க விழாவுக்குக் கிளம்பியவர் போலப் படுத்திருந்தார்.

"பிள்ளை பெத்த பச்ச ஒடம்பு, சாவு வீட்டுக்கு வரலாமா?" என்று யாரோ முணுமுணுத்தார்கள். நிறைமதி நேராகப் பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்று, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னாள். பெரிய மாமாவைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொஞ்ச நேரம் பின்கட்டில் வைக்கச் சொன்னாள். கையெடுத்துக் கும்பிட்டாள்.

ஹாலில் ஒப்பாரி நின்றது. ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"வெளிய வெச்சா என்னாகும்னு தெரியும்ல? இந்த வெயில்ல ஒடம்பு ஊதிரும். மந்திரி வந்து மூக்கப் பொத்திக்கிட்டு நிப்பாரா?" என்றார் ஒருவர்.

பெரியவரின் மகன் அதியமானுக்குப் போன் போட்டார்கள். திரையில் அவன் கண் சிவந்திருந்தது. எல்லாவற்றையும் கேட்டான். "நான் எங்கப்பா முகத்தை நல்லபடியாப் பாக்கணும். அவ்வளவுதான் நான் கேக்குறேன். பாப்பாவ நல்ல ஆஸ்பத்திரியா பாத்து மாத்துங்க, செலவு நான் பாத்துக்கிறேன்," என்றான். எவ்வளவு பெருந்தன்மை என்று சொந்தக்காரர்கள் நெகிழ்ந்துபோனார்கள்.

"ரெண்டு நாள்தான மதி," என்றான் பொன்னரசு, தரையைப் பார்த்தபடி.

"பிள்ளைக்கு ரெண்டு நாள் இல்லங்க. நாளைக்கே இல்ல."

பேச்சியம்மாள் அவளைத் தோளைத் தொட்டுத் திருப்பினாள். குரலில் கோபமே இல்லை. உண்மையாகவே ஆறுதல் சொல்கிற குரல்தான்.

"நீ சின்ன வயசு. இன்னொண்ணு பெத்துக்கலாம். அவருக்கு ஒரு சாவுதானத்தா."

நிறைமதி கடைசியாகச் சௌந்தரத்திடம் போனாள். அந்த அம்மாள் பெட்டியின் தலைமாட்டில், கன்னத்தைக் கண்ணாடியில் சாய்த்து உட்கார்ந்திருந்தார். தலைக்குத் தண்ணீர் ஊற்றி, மாற்றுப் புடவை கொடுக்காமல் ஈரத்தோடு உட்கார வைத்திருந்தார்கள். பிணம் எடுக்கும்வரை அப்படித்தான் இருக்க வேண்டும், ஒரு வாய் சாப்பிடக் கூடாது, சுமங்கலிகள் யாரும் தொடக் கூடாது என்பது அந்தக் குடும்பத்து முறை. எல்லாரும் நாலு அடி தள்ளியே உட்கார்ந்திருந்தார்கள்.

"பெரியத்தை, நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாங்க. உங்க கால்ல விழுறேன். எம் பிள்ளை செத்துக்கிட்டிருக்கு."

சௌந்தரத்தின் உதடு நடுங்கியது. அவர் நிறைமதியைப் பார்க்கவில்லை, கண்ணாடிக்குள் இருந்த முகத்தைப் பார்த்தார்.

"அவுக மானம் போகக் கூடாது," என்றார்.

அதற்கு மேல் கேட்க யாரும் மிச்சமில்லை.

மறுநாள் காலையில் நிறைமதி மறுபடி வந்தாள். இந்த முறை எதுவும் பேசவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மாலைகளை ஒழுங்குபடுத்தினாள். கண்ணாடியைத் துடைத்தாள். "நேத்து ஏதோ பிள்ளைப் பாசத்துல பேசிருச்சு, இன்னிக்குப் புரிஞ்சுக்கிருச்சு பாரு," என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். மாலைகளுக்கு அடியில் அவள் கை பெட்டியின் பேட்டரிப் பொத்தானைத் தேடிக் கண்டுபிடித்து அணைத்தது. அப்புறம் எழுந்து பின்பக்கம் போனாள். மாடிப்படிக்கு அடியில் மெயின் பெட்டி இருந்தது. பியூஸ் கட்டையைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

ஏசி நின்றது. விசிறி நின்றது. கொஞ்ச நேரத்தில் ஹாலுக்குள் வெயில் அடுப்புக் கதவைத் திறந்தது போல இறங்கியது. "கரண்ட் போச்சு, கரண்ட் போச்சு," என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். ஐஸ் பெட்டி பேட்டரியில் ஓடும் என்று ஒருவர் சொன்னார், யாரும் குனிந்து பார்க்கவில்லை. ஒயர்மேனைக் கூட்டிவரப் பொன்னரசு ஓடினான். மற்றவர்கள் ஜெனரேட்டர் இருந்த எதிர்வீட்டுக்குள் புகுந்துகொண்டார்கள். பெட்டியின் பக்கத்தைவிட்டு நகரக் கூடாத சௌந்தரமும், நகர மாட்டேன் என்று சொன்ன நிறைமதியும் மட்டும் மிச்சம். இந்த வெயிலிலும் பெரியவரைவிட்டுப் போகாத மருமகளைப் பற்றி எதிர்வீட்டில் நல்லவிதமாகப் பேசினார்கள்.

நிறைமதி பெட்டியின் கண்ணாடி மூடியைத் திறந்து சாய்த்து வைத்தாள். உள்ளேயிருந்து ஊதுபத்தியும் குளிரும் கலந்த வாடை வந்தது. அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"முப்பத்து நாலு," என்றார் டாக்டர். "இப்ப இறங்கல. நின்னிருக்கு."

வியர்வை ஊற்றியது. தையல் போட்ட இடம் எரிந்தது. சௌந்தரம் சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார்.

"ஏறுது!" டாக்டரின் குரல் உயர்ந்தது. "முப்பத்தஞ்சு. நல்லா ஏறுது. என்ன செஞ்சீங்க? இவ்வளவு சீக்கிரம் ஏறாதே."

நிறைமதி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நேற்றிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது. எதிர்வீட்டுப் பெண்கள் ஜன்னல் வழியாக அதைப் பார்த்து அவர்களும் அழுதார்கள்.

"முப்பத்தாறு தாண்டிருச்சு. கத்திய எடுத்துக்குங்க. நான் சொன்னதும் வெட்டணும்."

அவள் கத்தியை எடுத்தாள். மாலைகளை விலக்கினாள். பட்டுச் சட்டையின் பொத்தானைக் கழற்றக் கையை வைத்தவள் சட்டென்று நிறுத்தினாள். பெரியவரின் நெஞ்சு இன்னும் கல்லாகக் குளிர்ந்திருந்தது. விரல் வலித்தது. அவள் பொத்தான்களைப் பிய்த்துச் சட்டையை விரித்தாள். நரைத்த முடி, பூணூல் மாதிரி கிடந்த ஒரு தங்கச் சங்கிலி. பிளாஸ்திரி இல்லை. அக்குள் வரைக்கும் தேடினாள். எங்கேயும் இல்லை.

"அங்க இல்லத்தா," என்றார் சௌந்தரம்.

நிறைமதி திரும்பினாள். சௌந்தரத்தின் புடவை காய்ந்திருந்தது. முகத்தில் வியர்வை முத்து முத்தாக நின்றது. காலையில் வெளுத்துக் கிடந்த கன்னத்தில் ரத்தம் ஓடியது. அவர் முந்தானையைக் கொஞ்சம் விலக்கினார். கழுத்தெலும்புக்குக் கீழே, வற்றிப்போன மார்பின் மேல், அந்தப் பிளாஸ்திரி சதையோடு சதையாக ஊறிப்போயிருந்தது.

"இந்த எழவையெல்லாம் நான் எங்க ஒட்டிக்கிட்டுத் திரியறது, நீ ஒட்டிக்கோன்னாரு. வெளிய கேட்டா எங்கிட்ட இருக்குன்னு சொல்லுன்னாரு."

குழந்தையை இத்தனை நாள் காப்பாற்றியது கலெக்டர் சூடு இல்லை. அவருடைய கைப்பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தவரின் சூடு. அது ஈரப்புடவையில், ஐஸ் பெட்டியில் கன்னத்தை வைத்து, பட்டினியில் குளிர்ந்துகொண்டே போயிருக்கிறது. ஒருத்தி எழுந்து ஒரு போர்வையைப் போர்த்தியிருந்தால் போதும்.

"நேத்து நான் கும்பிட்டதப் பாத்தீங்களா பெரியத்தை?"

"பாத்தேன்."

"பிள்ளை சாகுதுன்னு சொன்னதக் கேட்டீங்களா?"

"கேட்டேன். நான்தான் உசுரோட இருக்கேனே, பிள்ளைக்கு என்ன ஆகும்னு நெனச்சேன்." சௌந்தரம் கண்ணைத் துடைத்தார். "அப்புறம் சொல்லலாம்னுதான் வாயெடுத்தேன். மந்திரி வர்ற வீடு. கலெக்டரு பொய் சொன்னாருன்னு நாலு பேரு பேசுவாகளே."

போனில் டாக்டர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். "முப்பத்தாறரை! வெட்டுங்க! கேக்குதா? இப்ப வெட்டுங்க!"

நிறைமதியின் கையில் கத்தி இருந்தது. அதைப் பார்த்த சௌந்தரம் பயப்படவில்லை. முந்தானையை இன்னும் விலக்கி நெஞ்சை நீட்டினார்.

"வெட்டிக்கோத்தா. யாரும் வர்றதுக்குள்ள வெட்டிக்கோ. நான் சத்தம் போட மாட்டேன். அவுகளப் பத்தி மட்டும் வெளிய சொல்லிராத."

நிறைமதிக்கு வெட்ட ஆசையாகத்தான் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பொய். பிள்ளைக்காக மட்டுமில்லை, அந்தப் "பாத்தேன்", "கேட்டேன்" இரண்டுக்காகவும் வெட்ட வேண்டும் போல இருந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு போனில் பேசினாள்.

"டாக்டர், பிளாஸ்திரி உசுரோட இருக்கிறவங்ககிட்ட இருக்கு."

மறுமுனையில் டாக்டர் வேகமாகப் பேசினார். "வெட்டாதீங்க. ஐயையோ, வெட்டிராதீங்க. அவங்க செத்துருவாங்க. அவங்க நல்லா இருந்தா பிள்ளை நல்லா இருக்கும், அவ்வளவுதான். அவங்க உடம்பு ரொம்பச் சூடாகவும் விடாதீங்க, குளிரவும் விடாதீங்க. தண்ணி குடுங்க, சாப்பாடு குடுங்க. இன்னும் ஒரு மாசம்."

கத்தியைப் பைக்குள் போட்ட அதே நேரம் வாசலில் ஒயர்மேன் குரல் கேட்டது. நிறைமதி அவசரமாகச் சட்டையை மூடி, மாலையைப் போட்டு, கண்ணாடியைச் சாத்தினாள். பேட்டரிப் பொத்தானையும் தட்டிவிட்டாள். ஒயர்மேன் வேறு பியூஸ் கட்டையைப் போட்டதும் விசிறி சுற்றியது. ஏசி உறுமிக்கொண்டு குளிரைக் கக்கியது. எதிர்வீட்டிலிருந்து கூட்டம் திரும்ப வந்தது.

வந்தவர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். நிறைமதி சௌந்தரத்தை மடியில் இழுத்துப் போட்டு, தன் புடவையால் இரண்டு பேரையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டு, அவர் மார்பைத் தன் மார்போடு இறுக்கி அணைத்திருந்தாள்.

"தொடாதத்தா! பிள்ளை பெத்தவ தொடக் கூடாது!" என்று பேச்சியம்மாள் ஓடி வந்தாள்.

"தொடுவேன்," என்றாள் நிறைமதி. "எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி நான்தான் வெச்சுக்கப் போறேன். கஞ்சி கொண்டாங்க."

"எடுக்குற வரைக்கும் பச்சத் தண்ணி குடிக்கக் கூடாதுத்தா."

"கொண்டாங்கன்னு சொன்னேன்."

அவள் முகத்தைப் பார்த்து யாரோ கஞ்சி கொண்டுவந்தார்கள். சௌந்தரம் வாயை இறுக மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். நிறைமதி அவர் காதோரம் குனிந்தாள்.

"குடிங்க. இல்லன்னா இப்பவே எந்திரிச்சு நின்னு உங்க புருஷன் சொன்ன பொய்ய எல்லாருக்கும் சொல்லுவேன். மந்திரிகிட்டயும் சொல்லுவேன். உங்க பிள்ளைகிட்டயும் சொல்லுவேன்."

சௌந்தரம் வாயைத் திறந்தார். கஞ்சி உள்ளே இறங்கியது. கண்ணீரும் கூடவே இறங்கியது.

சுற்றி நின்ற பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். பெத்த மகள்கூட இப்படித் தாங்க மாட்டாள் என்று ஒருத்தி சொன்னாள். போனவர் கொடுத்த சூடுதான் இந்தப் பாசமாக நிற்கிறது என்று இன்னொருத்தி சொன்னாள். பொன்னரசுவுக்கு மனைவியை நினைத்துப் பெருமையாக இருந்தது.

அடுத்த கரண்டி வாய்க்குப் போனபோது சௌந்தரம் ஈனக்குரலில் கேட்டார். "என்னைய எதுக்குத்தா இழுத்துப் புடிச்சு வெச்சிருக்க? அவுக கூடவே போயிர்றேனே."

நிறைமதி அணைப்பைத் தளர்த்தவில்லை. அவர் கன்னத்தைத் தன் தோளில் சாய்த்து, முதுகை மெதுவாகத் தேய்த்துக்கொடுத்தாள்.

"போலாம் பெரியத்தை. பிளாஸ்திரி உதிரட்டும். அப்புறம் உங்க இஷ்டம்," என்றாள்.